ரெண்டு ஆள் ஆழம்

“தண்ணி பாக்க வந்திருக்கீங்களா, சார்?”

நாலு இரும்பு முளை, ஒரு சுத்தியல், ஒயர் சுற்றிய உருளைகள், கையில் ஒரு பெட்டி. இந்தக் கோலத்தில் தர்மபுரி மாவட்டத்தின் எந்தக் காட்டில் போய் நின்றாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். இருபது வருடத்துக்கு மேல் எர்த்திங் வேலை பார்க்கிறேன். “இல்லீங்க, கரண்டு வேலை” என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் வாடிப்போவதையும் அத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இண்டூர்ப் பக்கம் அன்று கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் அளக்கப் போன இடத்துக்குப் பக்கத்து மரவள்ளிக் காடு அவருடையது.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. போர் போடும் முன் நீரோட்டம் பார்க்க வருகிறவர்களில் ஒரு வகையினர் உள்ளங்கையில் தேங்காயோடு நடப்பார்கள். இன்னொரு வகையினர் இதே பெட்டியோடு, இதே நாலு முளையோடு வருவார்கள். அவர்களும் ‘ரெசிஸ்டிவிட்டி’ பார்க்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். அவர்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எனக்கு மின்சாரம் எந்த வழியாக மண்ணில் இறங்கும் என்று தெரிய வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில்தான் இரண்டும் இருக்கும் என்பதால் பெரியவருக்கு வருத்தம் தரும் மண் எனக்கும் வருத்தம்தான் தரும்.

வேலை இதுதான்: சாலையை ஒட்டி வரப்போகிற ஒரு தனியார் 33 கே.வி. துணை மின் நிலைய யார்டு. நீளம் 40 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதற்கு எர்த் மேட் போட வேண்டும். எர்த் மேட் என்றால் யார்டு முழுக்க மண்ணுக்கடியில் அரை மீட்டருக்குச் சற்றுக் கீழே இரும்புப் பட்டைகளைக் கட்டம் கட்டமாகப் புதைத்து, சந்திக்கும் இடமெல்லாம் வெல்டிங் வைத்து, ஆங்காங்கே கம்பிகளைச் செங்குத்தாக இறக்கிவிடுவது. கயிற்றுக் கட்டிலைப் புதைத்து, அதற்கு நிறையக் கால்கள் வைத்தது போல.

இதெல்லாம் எதற்கு? லைனில் பழுது, அதாவது பால்ட், வந்தால் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மண்ணுக்குள் இறங்கும். பிரேக்கர் விழும்வரை, அந்த அரை வினாடிக்கு, மண்ணே மின்னழுத்தம் ஏறி நிற்கும். அப்போது ஒருவர் இரும்புத் தூணைத் தொட்டுக்கொண்டிருந்தால் கைக்கும் காலுக்கும் இடையே விழுவது டச் வோல்டேஜ். வெறுமனே நடந்துகொண்டிருந்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே விழுவது ஸ்டெப் வோல்டேஜ். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் மாடு செத்துக் கிடக்க, அதை ஓட்டி வந்தவர் பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்படுகிறோமே, அதன் கணக்கு இதுதான். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இதயம் இருக்கிறது. எர்த் மேட் போடுவது இந்த வித்தியாசங்களைக் குறைக்கத்தான். அது எவ்வளவு குறையும் என்பதை மண் தீர்மானிக்கிறது. அதனால்தான் பட்டை வாங்குவதற்கு முன்னால் மண்ணைக் கேட்கப் போகிறோம்.

கேட்கும் முறை நூறு வருடம் பழையது. பிரான்சில் கான்ராட் ஷ்லம்பெர்ஜர் 1912-இல் தாதுப் படிவம் தேடுவதற்காக மண்ணுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தில் இருந்த ஃபிராங்க் வென்னர் 1915-இல் நாலு முளையைச் சம இடைவெளியில் நேர்கோட்டில் அடிக்கும் முறையை எழுதி வைத்தார். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்னோட்டம் போகும். உள் முளைகள் இரண்டும் அதனால் உண்டாகும் மின்னழுத்தத்தை அளக்கும். பெட்டி அதை ஓமாகக் காட்டும். அந்த ஓமை இடைவெளியால் பெருக்கி, மறுபடி 6.28 ஆல் பெருக்கினால் மண்ணின் மின்தடை எண் வந்துவிடும். அலகு ஓம் மீட்டர். களிமண் சேற்றில் அது பத்து, இருபது என்று இருக்கும். ஈரம் ஏறாத கருங்கல் பாறையில் ஆயிரக்கணக்கில் போகும்.

முளைகளை நெருக்கி அடித்தால் மின்னோட்டம் மேல் மண்ணிலேயே ஓடிவிடும். தள்ளித் தள்ளி அடித்தால் ஆழத்துக்கு இறங்கும். ஆகவே ஒரே நடுப்புள்ளியை வைத்துக்கொண்டு 1, 2, 5, 10, 20, 30 மீட்டர் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போவோம். 30 மீட்டர் இடைவெளிக்கு மொத்தக் கோடு 90 மீட்டர். யார்டு 40 மீட்டர்தான் என்பதால் கோடு பெரியவரின் காட்டுக்குள் போகவேண்டி வந்தது. கேட்டேன். “குச்சிய மிதிக்காம போங்க” என்று வழிவிட்டார். மரவள்ளி அப்போது இடுப்பளவு.

என்னோடு வந்த தம்பி டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்தவன். முதல் முளையையே ஓங்கி அடித்து ஒரு சாண் இறக்கிவிட்டான். பிடுங்கச் சொன்னேன். இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் முளை இறங்கக் கூடாது. 1 மீட்டர் இடைவெளி என்றால் 5 செ.மீ. மட்டும்தான். அதற்கு மேல் போனால் வென்னரின் எளிய சூத்திரம் பொருந்தாது. முளை கெட்டியாக நிற்க வேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இது.

ஐப்பசி மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அன்று எழுதியவை:

1 மீட்டர் இடைவெளி: 19.6 ஓம், மின்தடை எண் 123.
2 மீட்டர்: 11.1 ஓம், 139.
5 மீட்டர்: 7.7 ஓம், 242.
10 மீட்டர்: 6.67 ஓம், 419.
20 மீட்டர்: 5.36 ஓம், 674.
30 மீட்டர்: 4.5 ஓம், 848.

தம்பி பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தான். முகத்தில் சந்தோஷம். “அண்ணா, கீழ போகப் போக ஓம் கொறையுதுண்ணா. ஆழத்துல மண்ணு நல்லாருக்கு. போர் எர்த் போட்டுறலாம்.”

இந்தத் தொழிலில் ஒருவர் பழகினவரா இல்லையா என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியம் போதும். இடைவெளி கூடும்போது பெட்டி காட்டும் ஓம் எப்படியும் குறையத்தான் செய்யும். மின்னோட்டம் பாய அகலமான பாதை கிடைக்கிறது, அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பது. மண் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தால் 1 மீட்டரில் 19.6 காட்டியது 30 மீட்டரில் முப்பதில் ஒரு பங்காக, 0.65 என்று வந்திருக்க வேண்டும். வந்தது 4.5. கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகம். மீட்டரில் எண் இறங்குகிறது. மண்ணிலோ மின்தடை எண் 123-இலிருந்து 848-க்கு ஏறியிருக்கிறது. “கீழே நல்ல மண்ணு இல்லப்பா, பாறை” என்றேன்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். “இத்தன ஒயரு இழுத்தா இத கண்டுபிடிச்சீங்க? வாங்க” என்று காட்டின் மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய திறந்த கிணறு. தண்ணீர் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரே புத்தகம் மாதிரி இருந்தது. மேலே செம்மண். அதற்குக் கீழே நகத்தால் கீறினால் உதிர்கிற மொரம்பு. அதற்கும் கீழே, கத்தியால் வெட்டியது போல ஒரு கோட்டில் தொடங்கும் பாறை. அதில் வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் வரிவரியாக. “எங்கப்பா காலத்துல வெட்டுனதுங்க. ரெண்டு ஆள் ஆழம் மம்புட்டி போச்சு. அதுக்குக் கீழ எல்லாம் வெடிதான்.”

அன்று இரவு நோட்டிலிருந்த ஆறு எண்களை மடக்கைத் தாளில் புள்ளி வைத்து வளைகோடு வரைந்தேன். இப்போது இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது. ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கையால் வரைய வைத்துப் பழக்கினார். முதல் வரைவு இன்றும் கையால்தான். இரண்டு அடுக்கு மண்ணுக்கு எர்லிங் சுண்டே தந்த வளைகோடுகள் ஐ.இ.இ.இ. 80 வழிகாட்டியில் உண்டு. நம் வளைகோடு அவற்றில் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் மேல் அடுக்கு எவ்வளவு, கீழ் அடுக்கு எவ்வளவு, எல்லை எந்த ஆழத்தில் என்று மூன்றும் கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்தது: மேல் அடுக்கு 120, கீழ் அடுக்கு 1,500 பக்கம், எல்லை 3 மீட்டர்.

3 மீட்டர். ரெண்டு ஆள் ஆழம். பெரியவரின் அப்பா மண்வெட்டியால் கண்டுபிடித்ததும் வென்னரின் நாலு முளை சொன்னதும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அன்றிலிருந்து எந்த ஊரில் அளந்தாலும் பக்கத்தில் திறந்த கிணறோ கல்குவாரியோ வெட்டிய சாலையோரமோ இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிடுகிறேன். வளைகோடு சொல்வது ஊகம். கிணற்றுச் சுவர் சாட்சி.

எர்த் மேட்டை வடிவமைத்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். மறுநாள் காலை போன் வந்தது. “சார், ரெசிஸ்டிவிட்டி வேல்யூ மட்டும் அனுப்புங்க. ஒரு நம்பர் போதும்.” ஒரு நம்பர் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் 407 வரும். அதைத்தான் பலரும் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த 407 இண்டூர் மண்ணில் எங்கே இருக்கிறது? மேலே 120 இருக்கிறது. கீழே 1,500 இருக்கிறது. 407 என்று ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் எனக்கு எடுத்துக் காட்ட முடியாது. சராசரி என்ற ஊரில் யாரும் குடியிருப்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில் நானே இப்படி ஒரு சராசரியைக் கணக்கில் போட்டேன். இடம் எங்கே, யாருக்கு என்பது இப்போது வேண்டாம். இதே மாதிரி மேலே மண், கீழே பாறை. கணக்கில் எர்த் மேட்டின் தடை 6 ஓம் என்று வந்தது. பட்டையெல்லாம் புதைத்து, மூடி, ஜல்லி பரப்பிய பிறகு அளந்தால் 9-ஐத் தாண்டி நின்றது. யார்டு பெரிதாகப் பெரிதாக அது ஆழத்து மண்ணை அதிகம் கேட்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று மீட்டர் கம்பிக்கு மேல்மண்தான் உலகம். நாற்பது மீட்டர் மேட்டுக்கு அடியில் இருக்கும் பாறையும் கணக்கில் வந்தாக வேண்டும். மூடியதைத் திரும்பத் தோண்டினோம். அந்தச் செலவில் பாதி என் கையிலிருந்து போனது.

இன்னொரு சங்கதியும் உண்டு. கீழே பாறை இருந்தால் பால்ட் மின்னோட்டம் அதற்குள் இறங்க மறுத்து, மேலேயிருக்கும் மெல்லிய மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடும். யார்டு வேலியோடு அது நிற்காது. மரவள்ளிக் காடு, ஆடு மாடு ஓட்டிப் போகும் தடம் என்று தூரமாகப் போய்த்தான் அடங்கும். ‘407’ என்ற ஒற்றை எண் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. ‘120, 1,500, 3 மீட்டர்’ என்ற மூன்று எண்கள் சொல்லிவிடும். மூன்றையும் அனுப்பினேன். கூடவே ஆறு அளவுகளையும் அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஒரே கோட்டில் மட்டும் அளந்தால் போதாது. எர்த்திங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043, துணை மின் நிலையமென்றால் நடுவிலிருந்து குறைந்தது எட்டுத் திசையில் அளக்கச் சொல்கிறது. அந்த எட்டு எண்களையும் நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமாகக் குறித்து இணைத்தால் ஒரு கோணல் வட்டம் கிடைக்கும். நல்ல இடத்தில் அது இட்லி மாதிரி இருக்கும். ஏதாவது கோளாறு இருந்தால் ஒரு பக்கம் கடித்த இட்லி மாதிரி இருக்கும்.

இண்டூரில் எனக்குக் கிடைத்தது கடித்த இட்லி. சாலைக்கு இணையாக எடுத்த கோட்டில் மட்டும் 10 மீட்டரில் 260, 20-இல் 215, 30-இல் 190. மற்ற திசைகளில் ஆழம் போகப் போக ஏறுகிறது. இங்கே மட்டும் இறங்குகிறது. நீரோட்டம் பார்ப்பவர்கள் இப்படி ஒரு இறக்கத்தைக் கண்டால் பாறையில் வெடிப்பு, அதில் தண்ணீர் என்று சொல்வார்கள். தம்பி எண்ணைச் சத்தமாகப் படித்ததைப் பெரியவர் கேட்டுவிட்டார். அவருக்கும் இரண்டு போர் பொய்த்துப்போன அனுபவம் இருந்தது. மெல்ல என் பக்கத்தில் வந்து, “அந்தப் பக்கம் கொறஞ்சிருக்குன்னு தம்பி சொன்னானே. அங்க ஒண்ணு போட்டுப் பாக்கலாங்களா?” என்றார்.

அந்த நேரத்தில் நான் ‘போடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பார். போர் போடக் கடன் வாங்குவது இந்தப் பக்கம் புதிதல்ல. “ஒரு அரை மணி நேரம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு, அதே நடுப்புள்ளியில் கோட்டைத் திருப்பிச் சாலைக்குச் செங்குத்தாகப் போட்டேன். 10 மீட்டரில் 410, 20-இல் 660. மறுபடி ஏறிவிட்டது. உண்மையான ஈரப் பாறை என்றால் கோட்டைத் திருப்பினாலும் ஓரளவு இறக்கம் காட்டியிருக்கும். கோட்டின் திசையைப் பார்த்து மனம் மாற்றிக்கொள்வது உலோகத்தின் குணம். சாலையோரமாக நடந்து போய்ப் பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு வால்வுத் தொட்டி. சாலையை ஒட்டியே இரும்புக் குடிநீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய மின்னோட்டம் மண்ணை விட்டுவிட்டு அந்தக் குழாயில் ஏறிச் சுகமாகப் போயிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழத்துப் பாறையில் தேங்கும் நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனக்கு எர்த் தராத பாறை, பெரியவரின் போரைப் பொய்யாக்கிய பாறை, பல்லைக் கறையாக்கிய பாறை எல்லாம் ஒன்றுதான். அந்தப் பாறையால் ஊருக்குக் குழாய் தேவைப்பட்டது. அன்று என் மீட்டரை ஏமாற்றியது ஒரு குடிநீர்க் குழாய். பெரியவரிடம் குழாயைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அது ஒகேனக்கல் தண்ணிங்களா” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். குழாயை ஒட்டி எடுத்த அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல், ‘குழாய்க்கு இணை’ என்று எழுதித் தனியாக வைத்தேன். அடித்துவிடவில்லை. தப்பான அளவும் அந்த இடத்தைப் பற்றிய சேதிதான். எர்த் மேட்டின் மின்னழுத்தம் அந்தக் குழாயில் ஏறி ஊருக்குள் போய்விடக் கூடாதே என்று கவலைப்பட வேண்டியதும் அதனால்தான்.

வேலை தள்ளிப்போய்ச் சித்திரையில்தான் தொடங்கியது. பட்டை வந்து இறங்கியிருந்தது. நான் மறுபடி அளந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். செலவு யாருடையது என்று கொஞ்சம் பேச்சு வந்தது. அளந்தோம். முளை இறங்கவே மறுத்தது. ஒவ்வொரு முளைக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் பெட்டி ‘சரி’ என்றது. 20 மீட்டரும் 30 மீட்டரும் ஐப்பசியில் வந்ததற்குப் பக்கத்திலேயே இருந்தன. ஆழத்துக்கு மழையும் வெயிலும் ஒன்று. ஆனால் 1 மீட்டரில் 123 இருந்த இடத்தில் 310. 2 மீட்டரில் 235. வளைகோடு இப்போது ஏறுமுகமாக இல்லை. முதலில் இறங்கி, பிறகு ஏறி, ஒரு கிண்ணம் போல நின்றது. மேலே காய்ந்த மண், நடுவில் ஈர மொரம்பு, கீழே பாறை.

இந்தக் கிண்ணம்தான் வடிவமைப்பைச் சொல்லிக்கொடுத்தது. கோடையில் எர்த் மேட்டின் பட்டைகள் காய்ந்த மண்ணில் கிடக்கும். அவற்றை மட்டும் நம்பினால் ஐப்பசியில் பாஸ், சித்திரையில் பெயில். ஈரம் இருப்பது ஒரு மீட்டருக்குக் கீழே, மூன்று மீட்டருக்கு மேலே. ஆகவே செங்குத்துக் கம்பிகள் சரியாக 3 மீட்டர். வேலி ஓரமாக நெருக்கி. ஒன்றரை மீட்டர் கம்பி ஈரத்தைச் சும்மா தொட்டுவிட்டு நிற்கும். முப்பது மீட்டர் போர் போட்டுக் கம்பி இறக்கினால் என்ன ஆகும் என்று தம்பியையே கணக்குப் போடச் சொன்னேன். 1,500 ஓம் மீட்டர் பாறையில் அப்படி ஒரு கம்பி 50 ஓமுக்குக் குறையவில்லை. நடுவில் தண்ணீர் வெடிப்பு ஒன்று அகப்பட்டால் கதை வேறு. அகப்படுமா என்று பெரியவரிடம்தான் கேட்க வேண்டும். போர் எர்த் யோசனையை அவனே மடித்து வைத்தான்.

ஆழம் உதவாத மண்ணில் அகலம் உதவும். யார்டுக்குத் தெற்கே அதே மனையின் எல்லையில் ஒரு ஓடை. அதன் கரையில் தனியாக அளந்தால் 10 மீட்டர் இடைவெளியிலும் 110-தான் வந்தது. பாறை அங்கே ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போயிருந்தது. அங்கே சின்னதாக இன்னொரு மேட் போட்டு, இரண்டு பட்டைகளால் யார்டோடு இணைத்தோம். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் பால்ட் வரும்போது ஓடைக்கரை மண்ணும் மின்னழுத்தம் ஏறும் என்பதால் அதைச் சுற்றியும் வேலி. ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வரும் மாடு யார்டின் எர்த்துக்கு விலை கொடுக்கக் கூடாது.

யார்டுக்குள் 15 செ.மீ. ஜல்லி. மின்சாரத்தை இறக்க மின்தடை எண் குறைவாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் புலம்பினேன் அல்லவா? மனிதன் பாதத்துக்குக் கீழே மட்டும் அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. நனைந்த ஜல்லிக்கே 3,000 என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது கிலோ ஆள் ஒருவர் அரை வினாடி தாங்கக்கூடிய டச் வோல்டேஜ், மழைக்கால இண்டூர் மண்ணில் வெறுங்காலோடு நின்றால் சுமார் 190 வோல்ட். அதே இடத்தில் ஜல்லி போட்டால் 700-ஐத் தாண்டும். ஜல்லி அழகுக்குப் போடுவது என்று நினைத்து அதன்மேல் மண் சேரவும் புல் முளைக்கவும் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கரியும் உப்பும் போடலாமே என்று கேட்டார்கள். எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். குழிக்குள் உப்பு கொட்டியவுடன் அளந்தால் எண் அருமையாக இறங்கும். ஆய்வுக்கு வருகிறவருக்கும் திருப்தி. இரண்டு மழையில் உப்பு கரைந்து போய்விடும். போகும்போது இரும்பையும் அரித்துவிட்டுப் போகும். பென்டோனைட் களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பைத் தின்னாது. அதைத்தான் போட்டோம்.

எங்கள் மாவட்டத்தில் 765 கே.வி. துணை மின் நிலையமே இருக்கிறது. அங்கெல்லாம் மண்ணை இதைவிட நுணுக்கமாகப் படிக்கிற ஆட்களும் கருவிகளும் உண்டு. என் கவலை சின்ன இடங்களைப் பற்றியது. ஜவ்வரிசி ஆலை, கல்குவாரி, செல்போன் கோபுரம், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை. அங்கே ரிப்போர்ட் என்று ஒரு தாள் வரும். அதில் ஒரே ஒரு எண் இருக்கும்.

அப்படி ஒரு தாள் உங்கள் மேசைக்கு வந்தால் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தேதியில் அளந்தார்கள், அதற்கு முன் கடைசி மழை எப்போது. எந்தெந்தத் திசையில். ஒவ்வொரு இடைவெளிக்கும் மீட்டர் காட்டிய ஓம் எவ்வளவு. பக்கத்தில் குழாய், வேலி, பழைய எர்த் ஏதாவது புதைந்திருக்கிறதா. இந்த நாலும் இல்லாமல் சராசரி மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். திரும்ப அளக்க இரண்டு ஆளும் அரை நாளும் போதும்.